தம்பிக்கு கொரோனா பாசிட்டிவ், ஞாயித்துக்கிழமை தங்கச்சிக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்ல சொல்றதா வேண்டாமா?

காவேரிப்பட்டணத்தான் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால சுருக்கமா சொல்றேன்னு ஆரம்பிச்சு எப்படியும் நீட்டிடுவேன், பொறுத்துக்கங்க.

எங்க ஊரு காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். தங்கச்சிய பாலக்கோட்டுல குடுத்திருக்கோம், ஒன்பதாம் மாசம் நடக்குது, வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க மாமியார் வீட்ல வளைகாப்பு, நாங்க வேன் வச்சு சொந்தக்காரங்கள கூட்டிட்டு சீர் எடுத்துட்டு போயி, வளையல் போட்டு, அப்படியே பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு கூட்டிட்டு வர்றதா ஏற்பாடு. தம்பி பெங்களூர்ல எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை, லீவு போட்டுட்டு முன்னாடியே குடும்பத்தோட வந்துட்டான். வந்ததுமே அவன் பையனுக்கு காய்ச்சல், ஞாயிறு அன்னிக்கு இவனுக்கும் தொண்டை வலி, உடம்பு வலி. கர்ப்பிணி பொண்ண கூட்டிட்டு வரப்போறமேன்னு நான்தான் புடிச்ச புடியா கிருஷ்ணகிரில ஒரு லேப்ல டெஸ்ட் எடுக்க வச்சேன். பாசிட்டிவ். ஆளு நல்லாத்தான் இருக்கான், மாடி ரூம்ல படுத்துக்கிட்டு போன் பாத்துட்டு இருக்கான்.

இப்ப பிரச்சனை கொரோனா இல்ல, எங்க அம்மா. "வாயே தொறக்காத, சளின்னு சொல்லு போதும்"ங்கறாங்க. அவங்க பயத்துக்கு காரணம் இருக்குது. 2020ல தமிழ்நாட்டுலயே ஒரே பச்சை மண்டலம் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம்தான்னு மே மாசம் வரைக்கும் பெருமை பேசிக்கிட்டு இருந்தமே ஞாபகம் இருக்குதா, அதுக்கப்பறம் எங்க தெருவுல முதல்ல வந்தது எங்கப்பாவுக்கு. தகரம் வச்சு அடைச்சாங்க, கதவுல ஸ்டிக்கர் ஒட்டுனாங்க, எங்க மாட்டுப் பாலை ஒருத்தரும் வாங்கல, கறந்து கறந்து கன்னுக்குட்டிக்கே விட்டோம். அப்பா நெகட்டிவ் ஆகி வந்து ரொம்ப நாள் கழிச்சும் கடைக்காரம்மா சில்லறைய கையில குடுக்காம பலகை மேல வச்சு தள்ளுவாங்க. அம்மா அதை இன்னும் மறக்கல, அந்தக் கடைப்பக்கமே போறதில்ல.

தள்ளி வைக்கலாம்னா அடுத்த வியாழக்கிழமை ஆடி பொறந்துடுது. ஆடில பண்ண மாட்டாங்க, ஆடி முடியறதுக்குள்ள குழந்தையே பொறந்துடும். சம்பந்தி வீட்ல சொன்னா, இந்த வருஷம் மாங்காய் விலை படுத்துட்டதால சீரை கொறைக்க சாக்கு சொல்றாங்கன்னு பேச்சு வரும் (எங்களுக்கு இருக்கறது பூராவும் பெங்களூரா மாந்தோப்பு, யாருக்கும் சொல்லவே வேணாம் இந்த வருஷ கதை). அந்த வீட்ல மாப்பிள்ளையோட பாட்டி இருக்காங்க, ஆஸ்துமா, பம்ப் அடிச்சுக்கறவங்க. வளைகாப்புன்னா தெரியும்ல, வர்ற பொம்பளைங்க எல்லாம் வரிசையா கன்னத்துல சந்தனம் பூசி, வளையல் போட்டு, மூஞ்சிக்கு நேரா ஆரத்தி எடுத்துட்டுத்தான் போவாங்க.

நீங்க என் இடத்துல இருந்தா சொல்லுவீங்களா?


பர்கூர் ஜவுளி எழுதியது:

2025ல போயி கொரோனாவா. இப்ப வர்றது வெறும் சளி பாஸ். ரெண்டு பாராசிட்டமால், மிளகு ரசம், முடிஞ்சது. உங்க தம்பி வேன்ல ஏறாம வீட்ல இருக்கட்டும், மீதி பேரு போயி விசேஷத்த முடிச்சிட்டு வாங்க. டெஸ்ட் எடுத்ததே தேவையில்லாத வேலை. எடுக்கலைன்னா இந்த கேள்வியே வந்திருக்காது.


ஓசூர் செகண்ட் ஷிப்டு எழுதியது:

நான் ஒன்னு கேக்கறேன், யாரும் கோச்சுக்காதீங்க. 2020ல இவங்க சொன்னதை எல்லாம் கேட்டு நாம என்னத்த கண்டோம். கை தட்டுன்னாங்க தட்டுனோம், விளக்கு ஏத்துன்னாங்க ஏத்துனோம். நான் அப்ப பொம்மசந்திரால வேலை, வீடு ஓசூர், பத்து பதினஞ்சு கிலோமீட்டருக்கு ரெண்டு மாநிலத்துக்கும் இ பாஸ் வாங்கணும், அத்திப்பள்ளில ஒருத்தன் நிறுத்துவான் ஜூஜூவாடில ஒருத்தன் நிறுத்துவான், கெடைக்காத நாள்ல வயக்காட்டு வழியா நடந்து வந்திருக்கோம். தெரிஞ்சவங்க ரோஜா தோட்டம், பூ பறிக்கவும் முடியல செடில விடவும் முடியல, பறிச்சு பறிச்சு குழில கொட்டுனாங்க. அதே சமயம் மே 7ந்தேதி டாஸ்மாக் தொறந்தாங்க பாருங்க, அங்க மட்டும் கொரோனா வரிசைல நின்னு டோக்கன் வாங்கிட்டு போச்சு போல.

அப்பறம் ஊசி. இந்த 2025ல கர்நாடகால ஹாசன்ல என்ன நடக்குதுன்னு பாக்கறீங்கள்ல, சின்ன சின்ன பசங்க எல்லாம் ஹார்ட் அட்டாக்ல போறாங்க, ஜெயதேவா இதய ஆஸ்பத்திரில விடியக்காலைலயே க்யூ நிக்குது, எங்க கம்பெனில பாதி பேர் ஈசிஜி எடுக்க லீவு கேக்கறான். கோவிஷீல்டு ஊசிய உருவாக்குன ஆஸ்ட்ராஜெனிகா கம்பெனிக்காரனே லண்டன் கோர்ட்ல ரத்தம் உறையும்னு ஒத்துக்கிட்டான். இதெல்லாம் பாத்தப்பறம் கொரோனான்னு யாராச்சும் வாயெடுத்தாலே எனக்கு எரிச்சலா வருது. நண்பர் கேட்டதுக்கு பதில்: சொல்லாதீங்க. சொன்னா ஊரு பேசும், சொல்லலைன்னா ஒன்னும் ஆகாது.


நர்ஸ் அக்கா தர்மபுரி எழுதியது:

தம்பி காவேரிப்பட்டணம், நான் தர்மபுரி பக்கம் செவிலியரா இருக்கேன், 2021 மே மாசம் வார்டுல நின்னவ. தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36 ஆயிரத்தையும் தாண்டி கேஸ் வந்த மாசம் அது. அதனால "வெறும் சளி"ன்னு எழுதறவங்கமேல எனக்கு கோவம் வரல, இப்ப பெரும்பாலானவங்களுக்கு சளி மாதிரிதான் வந்துட்டு போவுது, அது உண்மைதான். ஆனா நீங்க போற வீட்ல இருக்கறது யாரு, ஒன்பது மாச கர்ப்பிணியும் ஆஸ்துமா பாட்டியும். இந்த ரெண்டு பேருக்கும்தான் இன்னைக்கும் அது சளியோட நிக்காம போக வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிக்கு வந்தா மூச்சுத்திணறல் வரைக்கும் போறதும், மாசம் நெறையறதுக்கு முன்னாடியே பிரசவம் ஆவறதும் மத்தவங்கள விட ஜாஸ்தி.

பர்கூர்காரர் சொன்ன மாதிரி தம்பிய மட்டும் விட்டுட்டு மீதி பேரு போனா தீராது. ஒரே வீட்ல ஒரே சட்டில சாப்பிட்டிருக்கீங்க. இப்ப இருக்கற வகை ஒட்டுன ரெண்டு மூணு நாள்ல காட்டும், காட்டறதுக்கு முந்தின நாளே அடுத்தவங்களுக்கு ஒட்ட ஆரம்பிச்சுடும். அதனால வீட்ல மீதி ஆளுங்க சனிக்கிழமை ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை வீட்டு கிட்ல டெஸ்ட் பண்ணிக்கங்க, கோவிசெல்ஃப் மாதிரி கிட் வந்தப்ப 250 ரூவா இருந்தது, இப்ப எல்லா மெடிக்கல்லயும் இருக்காது, கிருஷ்ணகிரி டவுன்ல பெரிய கடைல கேளுங்க, இல்லன்னா ஆன்லைன்ல. கிட் நெகட்டிவ்னு சொல்லியும் காய்ச்சலோ தொண்டை வலியோ இருந்தா நம்பாதீங்க, வேன் ஏறாதீங்க.

தம்பிக்கு ஞாயிறு ஆரம்பிச்சிருக்கு, அடுத்த புதன் வந்தா பத்து நாள் ஆயிடும். தங்கச்சிய வளைகாப்பு அன்னைக்கே உங்க வீட்டுக்கு கூட்டிட்டு வராதீங்க. ஆடி பொறக்கறதுக்கு முந்தி புதன்கிழமை போயி கூட்டிட்டு வாங்க, அதுக்குள்ள வேற யாருக்கும் வரலைன்னா. சம்பந்தி வீட்ல சொல்லாம இதுல ஒன்னையாவது பண்ண முடியுமா யோசிச்சு பாருங்க.

இன்னொன்னு, மெடிக்கல்ல போயி "செட் மாத்திரை" வாங்கி போடற பழக்கம் நம்ம ஊர்ல விட மாட்டேங்குது. அதுல ஸ்டீராய்டு கலந்து குடுத்துடறாங்க. 2021ல கருப்பு பூஞ்சைன்னு வந்து கண்ணு போனவங்கள பாத்தேன், பாதி பேரு சக்கரை இருக்கறவங்க, ஸ்டீராய்டு அளவில்லாம போனவங்க. உங்கப்பாவுக்கு சக்கரை இருந்தா கட்டாயம் கவனிங்க. ஆக்சிமீட்டர் அன்னைக்கு வாங்குனது அலமாரில கெடக்கும், பேட்டரி மாத்தி வைங்க, 94க்கு கீழ இறங்குனா யோசிக்காம 108.


பென்னாகரம் வாத்தியார் எழுதியது:

சொல்லுங்கன்னுதான் நானும் சொல்லுவேன், ஆனா உங்க அம்மாவ விட்டுட்டு சொல்லாதீங்க, அவங்கள முதல்ல பேச விடுங்க. ஏன்னா அந்த தகரம் அடிச்சது நோய்க்கு இல்ல, ஆளுக்கு. எனக்கு அப்ப இருந்தே ஒரு யோசனை. நம்ம பக்கம் வீட்ல அம்மை போட்டா நாமளே வாசல்ல வேப்பிலை சொருகறோம். அத பாத்துட்டு யாரும் உள்ள வர மாட்டாங்க, பிச்சைக்காரன் கூட அடுத்த வீட்டுக்கு போயிடுவான், ஆனா அந்த வீட்ட யாரும் கேவலமா பேசினதில்ல. ஆத்தா வந்திருக்கான்னு எட்டி நின்னு கும்புட்டுட்டு போவாங்க, தண்ணி ஊத்தற அன்னிக்கு வந்து சாப்பிட்டுட்டும் போவாங்க. தள்ளி இருக்கறது நமக்கு புதுசே இல்லிங்க. அன்னைக்கு அந்த வேப்பிலைய வீட்டுக்காரங்க கையில குடுத்திருந்தா அவங்களே சொருகியிருப்பாங்க. வெளிய இருந்து ஆளு வந்து ஸ்டிக்கர் ஒட்டி போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டதும் அது குத்தவாளி வீடு மாதிரி ஆயிடுச்சு. அந்த ஸ்டிக்கர் வேலை தப்புன்னு சுப்ரீம் கோர்ட்டே 2020 டிசம்பர்ல சொல்லிச்சு, அதிகாரம் உள்ளவங்க தனியா உத்தரவு போட்டாலொழிய வீட்டு வாசல்ல ஒட்டக்கூடாதுன்னு. அதுக்குள்ள எத்தனை வீட்ல ஒட்டி முடிச்சிருந்தாங்க.

எங்க பக்கம் இன்னொரு கூத்து. பென்னாகரத்துல இருந்து பெங்களூருக்கு கட்டட வேலைக்கு, பேக்கரி வேலைக்கு போகாத வீடு கம்மி. வாரா வாரம் அந்த பசங்க அனுப்பற காசுலதான் ஊரே சீட்டு கட்டுது. 2020 மார்ச்சுல அதே பசங்க நடந்தும் லாரி புடிச்சும் வந்தப்ப ஊர் எல்லைல வேலிகாத்தான் முள்ள வெட்டி போட்டு நின்னது அவங்க சித்தப்பனும் மாமனும்தான். பள்ளிக்கூடத்துல தங்க வச்சாங்க, சாவி எங்கிட்ட இருந்ததால நான் பாத்தேன், ஒரு பையன் ஜன்னல் வழியா அவங்கம்மாகிட்ட சண்டை போட்டுட்டு இருந்தான். அடுத்த வருஷம் நெசமாவே ஆளுங்க சாகறப்ப, 2021ல, முள்ளும் இல்ல ஒன்னும் இல்ல, எழவு வீட்ல கும்பலா உக்காந்திருந்தாங்க. பயம் வந்த வேளையும் நோய் வந்த வேளையும் ஒன்னாவே இல்ல நம்ம ஊர்ல.


ஓசூர் செகண்ட் ஷிப்டு எழுதியது:

வாத்தியார் சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரும் ஊசி பத்தி பதில் சொல்லல. நர்ஸ் அக்கா அதை நைசா தாண்டி போயிட்டாங்க.


நர்ஸ் அக்கா தர்மபுரி எழுதியது:

தாண்டல தம்பி, டூட்டி முடிஞ்சு வந்து எழுதறேன்.

கோவிஷீல்டு விஷயம் பொய் இல்ல. ரத்தம் உறைஞ்சு தட்டணு கொறையற ஒரு பிரச்சனை இருக்கு, ரொம்ப ரொம்ப அபூர்வம், வந்தா ஊசி போட்ட சில வாரத்துக்குள்ள வரும். 2021ல போட்டது 2025ல வந்து புடிக்கிற கணக்கு அதுல இல்ல. திடீர் சாவு பத்தி ஐசிஎம்ஆர் (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) 47 ஆஸ்பத்திரில எடுத்த ஆய்வு இருக்கு, 18ல இருந்து 45 வயசுக்குள்ள, நல்லா இருந்து திடீர்னு எறந்தவங்க, 2021 அக்டோபர்ல இருந்து 2023 மார்ச் வரைக்கும். ஊசியால ஆபத்து கூடுனதா அதுல வரல. கூடுனது எதுன்னா, கொரோனால ஆஸ்பத்திரில படுத்து எழுந்தவங்க, குடும்பத்துல ஏற்கனவே திடீர்னு யாராச்சும் போயிருந்தவங்க, அளவில்லாம குடிச்சவங்க, சாகறதுக்கு முந்தி ஒடம்ப மீறி வேலையோ எக்சர்சைஸோ பண்ணவங்க. 2025 ஜூலை ஆரம்பத்துல சுகாதார அமைச்சகமும் எய்ம்ஸ், ஐசிஎம்ஆர் ஆய்வ வச்சு இதையே சொன்னாங்க. ஹாசன்ல என்ன நடந்துச்சுன்னு பாக்க கர்நாடகாகாரங்க 2025ல கமிட்டி போட்டாங்க.

அதுக்காக பயப்படறவங்கள நான் சிரிக்க மாட்டேன். ஈசிஜி எடுக்கறவன் எடுக்கட்டும், பிரஷர் சக்கரையும் சேத்து பாத்துக்கட்டும். அதுக்கு ஜெயதேவா வரைக்கும் போவணும்னு இல்ல. நம்ம சூளகிரி பக்கம் சாமனப்பள்ளில 2021ல ஆரம்பிச்சதுதானே மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே வந்து பாக்கறாங்க, பாதி ஆம்பளைங்க அவங்க வர்றப்ப டீக்கடைக்கு ஓடிடறீங்க.


பர்கூர் ஜவுளி எழுதியது:

டீக்கடை மேட்டர் உண்மை 😄

சரி, கர்ப்பிணி இருக்கறத நான் சரியா யோசிக்கல, அக்கா சொன்ன மாதிரி செய்ங்க. ஆனா ஒன்னு சொல்லிட்டு போறேன், மாஸ்க் போட்டுட்டு வளைகாப்புக்கு போனா ஊரே ஒரு மாதிரி பாக்கும். எங்க கடைக்கு போன மாசம் ஒரு அம்மா மாஸ்க் போட்டு முகூர்த்தப் புடவை எடுக்க வந்தாங்க, சேல்ஸ் பொண்ணுங்க எல்லாம் ரெண்டடி தள்ளி நின்னாங்க. நோய் இல்லாம இருக்க போட்டிருக்காங்களா, நோய் இருக்கறதால போட்டிருக்காங்களான்னு யாரு கண்டா. 200 ரூவா ஃபைன் போட்டப்ப தாடைல மாட்டுனோம், இப்ப மாட்டறவங்கள பாத்து பயப்படறோம்.


காவேரிப்பட்டணத்தான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. விசேஷம் முடிஞ்சிடுச்சு. என்ன ஆச்சுன்னு கேட்டு தனி மெசேஜ் வேற வந்துட்டு இருக்கு, இங்கயே எழுதிடறேன்.

வாத்தியார் சொன்னபடி அம்மாவையே பேச விட்டேன். ஒரு நாள் பூரா பேச மாட்டேன்னு இருந்துட்டு அப்பறம் அவங்களே சம்பந்தியம்மாவுக்கு போன் போட்டாங்க. சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் சத்தமே இல்லாம இருந்துட்டு "அதுக்கென்னங்க, வர்ற ஆளை கொறைச்சுக்கலாம், பந்தலை வாசல்ல போட்டுடறோம், பாட்டி ரூம்ல இருந்து பாக்கட்டும்"னுட்டாங்க. மாப்பிள்ளையோட அக்காதான் "அப்ப எதுக்கு வரணும், வளையல மட்டும் குடுத்து விடுங்க"ன்னு பின்னாடி இருந்து சொன்னது போன்லயே கேட்டுச்சு. அம்மா கேக்காத மாதிரி வச்சுட்டாங்க.

சனிக்கிழமை கிட்ல எல்லாருக்கும் நெகட்டிவ். ஞாயித்துக்கிழமை காலைல குளிச்சு முடிச்சு வேட்டி கட்டிட்டு வந்து நின்ன அப்பாவுக்கு ரெண்டாவது கோடு மெல்லிசா விழுந்துச்சு. இது கோடே இல்ல வெளிச்சம்னு பெரியப்பா ஒரு பக்கம் வாதாடறாரு, அப்பா ஒன்னும் பேசாம வேட்டிய அவுத்து மாட்டிட்டு மாடி ஏறிட்டாரு. எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. சீர் தட்டை நானும் பெரியம்மாவும் எடுத்துட்டு போனோம், வேன் கேன்சல், ஒரே கார். கார்ல எடமில்லன்னு சொன்னதுக்கு பெரியப்பா இன்னும் எங்கிட்ட பேசல.

அங்க போனா சந்தனத்த கன்னத்துல பூசாம கையில பூசிட்டு வளையல் போட்டாங்க, யாரு சொல்லி குடுத்தாங்கன்னு தெரியல. நாங்க மாஸ்க் போட்டிருந்தோம். பர்கூர் அண்ணன் சொன்ன மாதிரியே எங்களுக்கு முன்னாடி வரிசை காலி. ஆனா மாப்பிள்ளை வழி அத்தை ஒருத்தங்க மாஸ்க் இல்லாம வந்து, "உங்களுக்குதானாமே கொரோனா"ன்னு எங்கள கேட்டுட்டு, முந்தானைல வாய பொத்திட்டு தொடர்ந்து இருமிக்கிட்டே தங்கச்சிக்கு ஆரத்தி எடுத்தாங்க. தூசி அலர்ஜியாம். அவங்கள யாரும் ஒன்னும் சொல்லல, சொல்லவும் முடியல, நாங்க பொண்ணு வீட்டுக்காரங்க.

ஊருக்குள்ள விஷயம் தெரிஞ்சு போச்சு, பெரியப்பா வழியா இருக்கும். ஆனா பால் சொசைட்டில பால் ஊத்திட்டுதான் வர்றோம், யாரும் வேணாங்கல. ரெண்டு பேரு வந்து வாசல்ல நின்னு "மாத்திரை ஏதாச்சும் வேணுமா"ன்னு கேட்டாங்க, அதுல ஒருத்தங்க அந்தக் கடைக்காரம்மா. அம்மா தேவையில்லன்னு சொல்லிட்டாங்க, மொகத்த பாக்கவே இல்ல.

இப்ப கேள்வி என்னன்னா, அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை தொடங்கிடுச்சு. புதன்கிழமை தங்கச்சிய கூட்டிட்டு வர்ற கணக்கு உதைக்குது. அப்பாவுக்கு பத்து நாள் முடியறப்ப ஆடி பொறந்து ஒரு வாரம் ஆயிடும். ஆடில பொண்ண எடத்த மாத்தக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் சொல்றாங்க.


நர்ஸ் அக்கா தர்மபுரி எழுதியது:

அங்கயே இருக்கட்டும் தம்பி. ஒன்பதாம் மாசத்துல அலைய விடறத விட அது நல்லது. பிக்மி நம்பர் (கர்ப்பத்த பதிவு பண்ண நம்பர்) எங்க போட்டிருந்தாலும் பாலக்கோடு ஜிஎச்ல பாப்பாங்க, கிராம செவிலியர்கிட்ட இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வைங்க, பிரசவம் எங்கன்னு அவங்க குறிச்சுக்கணும். அந்த அத்தை இருமினதுக்கு ஒரு வாரம் தங்கச்சிய கவனிங்க, காய்ச்சல் வந்தாலோ குழந்தை துடிப்பு கொறைஞ்ச மாதிரி இருந்தாலோ மாமியார் கை வைத்தியம் எல்லாம் வேணாம், நேரா ஆஸ்பத்திரி. ஒருவேளை வந்துட்டாலும் பொறந்த குழந்தைக்கு தாய்ப்பால் நிறுத்த வேண்டியதில்ல, மாஸ்க் போட்டு கை கழுவிட்டு குடுக்கலாம். இத இப்பவே சொல்லி வைங்க, அப்பறம் பயத்துல பவுடர் பால் வாங்க ஓடுவாங்க.

அப்பாவுக்கு சக்கரை இருக்குதா இல்லையா, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல.


பென்னாகரம் வாத்தியார் எழுதியது:

தங்கச்சி என்ன சொல்றாங்க? இவ்வளவு பேர் பேசிட்டோம், அவங்க பேச்சு ஒரு வரி கூட வரலியே.


காவேரிப்பட்டணத்தான் எழுதியது:

அப்பாவுக்கு சக்கரை இருக்குதுக்கா, மாத்திரை போடறாரு. ஆக்சிமீட்டர் 97 காட்டுது, காலைல சாயந்திரம் பாக்கறோம். செட் மாத்திரை வாங்கல.

தங்கச்சிகிட்ட இப்பதான் கேட்டேன். இங்கயே இருந்துக்கறேன், இங்க ஃபேன் நல்லா ஓடுது, நம்ம வீட்ல வோல்ட்டேஜ் இல்லைங்கறா. இதை அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல, அதுக்கு வேற ஒரு திரி ஆரம்பிக்கணும் போல.